கண்ணாடிக்குள் வைத்த பொற்காசு



எங்கட சங்கத்தின் சித்திரை மலரில் வருஷா வருஷம் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வருவது வழக்கம். விஞ்ஞானிகள், கவிஞர்கள், தலைவர்கள் என்று பலரைப் பற்றி வாசித்திருக்கிறோம். இம்முறை மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது நான் சொன்ன பெயர் ரெக்ஸ் றிக்காட். குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். அப்படி ஒருவரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

றிக்காட் அமெரிக்காவில் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திய மனிதர். கையுறை மாட்டி மேடையில் ஏறிச் சண்டை பிடித்தவர் அல்ல. சண்டை பிடிக்கிற இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, இடம் எடுத்து, அரங்கு கட்டி, ரிக்கற் விற்று, சனத்தைக் கூட்டி, கடைசியில் எல்லாருக்கும் காசு கொடுக்கிறவர். ஆங்கிலத்தில் புறமோட்டர் என்பார்கள். நாங்கள் ஏற்பாட்டாளர் என்று வைத்துக் கொள்வோம்.

இவரைப் பற்றி நான் அறிந்தது எங்கட வேலைத்தலத்தில்தான். என்னோடு அதே பட்டியில் பெட்டி அடுக்கும் ஒரு டெனிஷ்காரர் இளவயதில் குத்துச்சண்டை பழகியவர். கோப்பன்ஹேகனில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குப் போய், உலக சம்பியனான பற்லிங் நெல்சன் என்பவரைப் பற்றி இடைவேளைகளில் பெருமையாகக் கதைப்பார். அந்த நெல்சனின் கதையைத் தேடப் போய்த்தான் நான் றிக்காட்டைக் கண்டுபிடித்தேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முதல் நான் ஒரு இசை நிகழ்ச்சியைப் பொறுப்பெடுத்து நடத்தி நட்டப்பட்டது உங்களில் கனபேருக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாடு ஓட்டிய பொடியன்

அவருடைய முழுப்பெயர் ஜோர்ஜ் லூயிஸ் றிக்காட். 1870ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிற்றியில் பிறந்தார். சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் ரெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. தகப்பன் இறந்து போக, பத்துப் பதினொரு வயதிலேயே மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லும் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடப் படிப்பு அதோடு சரி. ரெக்சாஸ்காரன் என்பதால் பின்னாளில் ரெக்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

23 வயதில் ஹென்றியெற்றா என்ற சிற்றூரின் சனங்கள் அவரைத் தங்கள் ஊர்க்காவல் அதிகாரியாகத் தெரிவு செய்தார்கள். 1894இல் கலியாணம் நடந்தது. அடுத்த வருஷம் பிறந்த குழந்தை இறந்தது. மனைவியும் இறந்தார். ஊரில் இருக்க மனமில்லாமல் 1895இன் கடைசியில் றிக்காட் அலாஸ்காவுக்குப் புறப்பட்டார். எங்களைப் போல உயிருக்குப் பயந்து ஓடவில்லை. ஆனாலும் இருபத்தைந்து வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாஷையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு பனிநாட்டுக்குப் போவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1896இல் குளொண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல் கப்பலாகச் சனம் வந்து இறங்குவதற்கு முதலே றிக்காட் அந்தப் பகுதியில் இருந்தார். ஒரு தங்கக் காணியைப் பிடித்து விற்றதில் அறுபதினாயிரம் டொலர் அளவில் கிடைத்தது. அந்தக் காசில் டோசன் நகரில் ஒரு மதுச்சாலையும் சூதாட்ட மண்டபமும் திறந்தார். கொஞ்சக் காலத்தில் அதே சூதாட்ட மேசையில் எல்லாவற்றையும் தோற்றார். வெறுங்கையோடு 1899இல் அலாஸ்காவின் மேற்குக் கரையில் உள்ள நோம் என்ற ஊருக்குப் போய் மறுபடி ஒரு மதுச்சாலை திறந்தார். மறுபடி காசு சேர்ந்தது. பிறகு மதிப்பில்லாத தங்கக் காணிகளை வாங்கி அதையும் இழந்தார். சூதாட்டம் அவருடைய இரத்தத்தில் ஊறிய பழக்கம். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஆனால் நோமில் அவர் ஒரு விஷயத்தைக் கற்றுக் கொண்டார். குளிர்காலத்தில் அங்கே பகல் மிகக் குறுகியது. கையில் காசும் மனதில் வீட்டு நினைவுமாக ஆயிரக்கணக்கான ஆண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களுக்காக றிக்காட் சிறுசிறு குத்துச்சண்டைகளை ஒழுங்கு செய்தார். சனம் முட்டி மோதி வந்தது. வீட்டைப் பிரிந்து இருக்கிறவனுக்கு, நாலு பேரோடு ஒரே இடத்தில் நின்று கத்துவதற்கு ஒரு சாட்டு வேண்டும். எங்கட விளையாட்டு விழாவுக்கும் கலைவிழாவுக்கும் ஐந்து மணித்தியாலம் கார் ஓடி வருகிற சனத்தைப் பார்க்கிற எனக்கு இது புதினமில்லை.

ஆயிரத்தைந்நூறு பொற்காசு

1906ஆம் ஆண்டு. றிக்காட்டுக்கு 36 வயது. நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தில் கோல்ட்பீல்ட் என்ற ஊர். அங்கே தங்கம் கிடைத்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கேயும் அவருக்கு ஒரு மதுச்சாலை. ஊர்ப் பிரமுகர்களுக்கு ஒரு கவலை இருந்தது. தங்கள் சுரங்கங்களில் வெளியாட்கள் முதல் போட வேண்டும் என்றால் ஊரின் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வரவேண்டும். அதற்கு உலக சம்பியன் போட்டி ஒன்றை நடத்துவோம் என்று முடிவாயிற்று. இலேசு எடைச் சம்பியன் ஜோ கான்ஸ். பால்ட்டிமோர் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர். அவரோடு மோத நாங்கள் முன்னர் சொன்ன பற்லிங் நெல்சன்.

யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத பாலைவன ஊர். அதுவரை ஒரு பெரிய போட்டியும் நடத்தாத ஒரு மதுச்சாலைக்காரர். அவர் 30,000 டொலர் தருகிறேன் என்றால் யார் நம்புவது? அந்தக் காலத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுக் கல்லாப்பெட்டியோடு மாறிய ஏற்பாட்டாளர்கள் இருந்தார்கள். றிக்காட் என்ன செய்தார் தெரியுமா? 30,000 டொலரையும் இருபது டொலர் தங்க நாணயங்களாக மாற்றினார். அது ஆயிரத்தைந்நூறு பொற்காசு. அவ்வளவையும் வங்கியின் கண்ணாடி யன்னலுக்குள் தெருவில் போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி அடுக்கி வைத்தார். பத்திரிகைக்காரர் அதைப் படம் பிடித்தார்கள். சண்டை பிடிக்கிறவர்களின் படத்தைவிட அந்தக் காசின் படம்தான் சனத்தின் வாயில் அடிபட்டது. காசு இருக்கிறது என்பதை நாடே கண்டது. அதற்குப் பிறகு போட்டி நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் செப்ரெம்பர் 3ஆம் திகதி, கொளுத்துகிற வெய்யிலில் போட்டி நடந்தது. இன்றைக்கு உலக சம்பியன் போட்டி பன்னிரண்டு சுற்று. அன்று நாற்பத்திரண்டு சுற்று போனது. இரண்டே முக்கால் மணித்தியாலம்! 42ஆம் சுற்றில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தியதால் நடுவர் கான்ஸ் வென்றதாகத் தீர்ப்புச் சொன்னார். ரிக்கற் விற்ற காசு சுமார் 70,000 டொலர். செலவெல்லாம் போக இலாபம் நின்றது. ஊரும் பேர் பெற்றது. றிக்காட் என்ற பெயரும் பத்திரிகைகளில் வந்தது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கான்ஸ் சம்பியன். வென்றவரும் அவர்தான். ஆனால் தோற்ற நெல்சனுக்குக் கிடைத்தது கான்ஸுக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கான்ஸின் பங்கு 11,000 டொலர். அது மட்டுமல்ல. நெல்சனின் மனேச்சர் கேட்டபடி கான்ஸ் உடுப்போடும் சப்பாத்தோடும் தராசில் ஏறி 133 இறாத்தலுக்குள் நிற்க வேண்டியிருந்தது. உடம்பை வருத்தி மெலிந்துதான் அவர் மேடைக்கு வந்தார். கையில் காசில்லாத, கறுப்புத் தோல்காரரான அவருக்கு மறுக்க வழியிருக்கவில்லை. நாலு வருஷத்தில், 1910இல், காசநோயால் 35 வயதில் இறந்து போனார்.

றிக்காட் சொன்ன காசைச் சொன்னபடி கொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சொன்ன காசைக் கொடுப்பது ஒன்று, நியாயமான காசைச் சொல்வது வேறொன்று. இதை வாசித்த அன்று இரவு வேலையில் நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை. வந்த புதிதில் குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்டியவர்கள் எங்களில் எத்தனை பேர்!

றீனோவில் நடந்தது

1908இல் ஜக் ஜோன்சன் அதிபார எடையில் முதலாவது கறுப்பினச் சம்பியன் ஆனார். வெள்ளையர் பலருக்கு அது பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றுத் தோட்டம் செய்துகொண்டிருந்த பழைய சம்பியன் ஜிம் ஜெவ்ரீஸை வற்புறுத்திக் கூட்டி வந்தார்கள். இந்தப் போட்டியை நடத்தப் பல ஏற்பாட்டாளர்கள் முன்வந்தார்கள். 1909 டிசம்பரில் உறைகள் திறக்கப்பட்டன. றிக்காட் கேட்டிருந்த தொகை 101,000 டொலர். அதோடு அவருடைய உறைக்குள் மட்டும் ஆயிரம் டொலர்த் தாள்கள் இருந்தன. கோல்ட்பீல்டில் செய்த அதே வேலைதான். போட்டி அவருக்கே கிடைத்தது.

சன் பிரான்சிஸ்கோவில் அரங்கு கட்டத் தொடங்கியாயிற்று. மூன்று வாரம் இருக்கும்போது மாநில ஆளுநர் போட்டிக்குத் தடை போட்டார். மரமும் கூலியும் முன்பணமும் போனது போனதுதான். றிக்காட் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. நெவாடாவில் உள்ள றீனோ நகரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி, புதிதாக அரங்கு கட்டி, சொன்ன திகதியிலேயே, 1910 ஜூலை 4இல், போட்டியை நடத்தினார். நடுவராக யாரைப் போடுவது என்று இரண்டு பகுதியும் ஒத்துப் போகாததால் கடைசியில் அவரே நடுவராக நின்றார். 15ஆம் சுற்றில் ஜோன்சன் வென்றார்.

அன்றிரவு பல நகரங்களில் கலவரம் வெடித்தது. வெற்றியைக் கொண்டாடிய கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். ரிக்கற் விற்பதற்காக வெள்ளையா கறுப்பா என்று பேச்சைக் கிளப்பி விட்டதில் றிக்காட்டுக்கும் பங்கு இருந்தது. பிற்காலத்தில் ஹரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் வருஷக் கணக்காகச் சம்பியனோடு மோதக் காத்திருந்தார். றிக்காட் அந்தப் போட்டியைக் கடைசிவரை நடத்தவே இல்லை. கலவரத்துக்குப் பயந்தார் என்பார்கள். பயந்ததில் நட்டப்பட்டவர் வில்ஸ்தான்.

நியூயோர்க்கில் உயர்ந்தது

அதற்குப் பிறகு சில வருஷம் அவர் தென்னமெரிக்காவில், பராகுவே நாட்டில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றை நடத்தினார். திரும்பி வந்து 1916இல் நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவெயர் கார்டன் அரங்கில் ஒரு சம்பியன் போட்டியை நடத்தினார். அந்த ஒரே இரவில் ஒன்றரை இலட்சம் டொலர் சேர்ந்தது.

1919 ஜூலை 4இல் ஒகாயோ மாநிலத்து ரொலிடோ நகரில் ஜெஸ் வில்லாட், ஜக் டெம்சி போட்டி. எண்பதினாயிரம் பேர் இருக்க மர அரங்கு கட்டினார். வந்தது அதில் கால்பங்கு அளவுதான். வெக்கையில் புதுப் பலகைகளில் இருந்து பிசின் உருகி வந்தவர்களின் உடுப்பில் ஒட்டியது. இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஏற்பாட்டாளனின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வென்ற டெம்சிதான் பிறகு றிக்காட்டின் அதிர்ஷ்டமானார்.

1920இல் நியூயோர்க் மாநிலத்தில் குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. றிக்காட் மடிசன் ஸ்குவெயர் கார்டனைக் குத்தகைக்கு எடுத்தார். அதுவரை குத்துச்சண்டை அரங்கு என்றால் புகையும் தூஷணமும் அடிபிடியும். ரிக்கற் வாங்கினவனின் கதிரையில் பலசாலி ஒருவன் குந்தியிருப்பான். றிக்காட் ஒவ்வொரு கதிரைக்கும் இலக்கம் போட்டு, ஆளை அழைத்துச் சென்று இருத்த ஆட்களை வைத்தார். ஐந்து டொலர் கொடுத்தவனுக்கும் ஐம்பது டொலர் கொடுத்தவனுக்கும் அவரவர் கதிரை நிச்சயம். பெண்களும் பயமில்லாமல் வரத் தொடங்கினார்கள்.

1921 ஜூலை 2ஆம் திகதி. டெம்சியோடு மோத பிரான்ஸ் நாட்டின் போர் வீரர் ஜோர்ஜ் கார்ப்பன்ரியே. டெம்சி போருக்குப் போகாமல் தப்பினவர் என்று அமெரிக்கர்களுக்கே அவர்மேல் கோபம். இந்தக் கோபத்தையே றிக்காட் விளம்பரம் ஆக்கினார். ஜேர்சி சிற்றியில் கட்டிய மர அரங்கில் எண்பதினாயிரம் பேர். சனத்தின் பாரத்தில் அரங்கு ஆடத் தொடங்கியது. இடிந்து விழப் போகிறது என்று பயந்து முக்கிய சண்டையை நேரத்துக்கு முதலே தொடங்கச் செய்தார். நாலாம் சுற்றில் டெம்சி வென்றார். அரங்கும் விழவில்லை. சேர்ந்த காசு 1,789,238 டொலர். குத்துச்சண்டையில் பத்து இலட்சம் டொலரைத் தாண்டிய முதல் போட்டி அதுதான். வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான ஆரம்பகாலப் போட்டிகளிலும் அது ஒன்று.

1922இல் அவர்மேல் சிறுமிகள் தொடர்பான பாரதூரமான குற்றச்சாட்டு வந்து வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

1925இல் பணக்காரர்களின் முதலைச் சேர்த்து, 249 நாளில் புதிய மடிசன் ஸ்குவெயர் கார்டனைக் கட்டி முடித்தார். அங்கே ஹொக்கி அணி ஒன்றையும் தொடக்கினார். ரெக்ஸின் றேஞ்சர்ஸ் என்று பத்திரிகைகள் பகிடியாக எழுதியதே நியூயோர்க் றேஞ்சர்ஸ் என்ற பெயராக இன்றும் நிற்கிறது. 1926இல் நியூயோர்க் அதிகாரிகள் டெம்சி வில்ஸோடுதான் மோதவேண்டும் என்று நின்றதால், டெம்சி - ஜீன் ரன்னி போட்டியைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டு போனார். மழைக்குள் 120,757 பேர் பார்த்தார்கள். அடுத்த வருஷம் இருவரும் சிக்காகோவில் மறுபடி மோதினார்கள். சேர்ந்தது 2,658,660 டொலர். வென்ற ரன்னியின் பங்கு 990,445 டொலர். பத்து இலட்சத்துக்கு ஒரே காசோலை வேண்டும் என்ற ஆசையில் ரன்னி குறைந்த 9,555 டொலரைத் தன் கையிலிருந்து கொடுத்து, றிக்காட்டிடம் முழுத்தொகைக்கும் காசோலை வாங்கினார். றிக்காட்டின் கையெழுத்துக்கு அவ்வளவு பெறுமதி!

1928இல் நடத்திய ஒரு போட்டியில் ஒன்றரை இலட்சம் டொலர் அளவில் நட்டம். அதையும் தாங்கிக் கொண்டு அடுத்த போட்டிக்காக மயாமி கடற்கரைக்குப் போன இடத்தில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. அதற்குப் பிறகு தேறவில்லை. 1929 ஜனவரி 6ஆம் திகதி, 59 வயது முடிந்து நாலாம் நாள் இறந்தார். டெம்சி பக்கத்தில் இருந்தார். உடலை நியூயோர்க்குக் கொண்டுவந்து அவர் கட்டிய அரங்கின் நடுவிலேயே வைத்தார்கள். ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் வந்து பார்த்தது. அன்று ஒருவருக்கும் ரிக்கற் இல்லை.

என்னுடைய கணக்கு

இனி நான் சொன்ன என் கதைக்கு வருகிறேன். உயர்தரத்தோடு படிப்பை விட்டு, இங்கே வந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு, முப்பத்திரண்டு வயதில் ஒரு இசை நிகழ்ச்சி நடத்திப் பார்க்க ஆசை வந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டினேன். எங்கட பிள்ளைகளையே வைத்து இசைக்குழு ஒழுங்கு செய்தேன். அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். பாதி மண்டபம் வெறுமை. பதினாலாயிரம் குறோணர் நட்டம். அது பெரிசில்லை. கீபோட் வாசித்த பொடியன், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை, அவனுக்குச் சொன்ன காசை ஐந்து மாதம் என்னால் கொடுக்க முடியவில்லை. கடையில் அவனுடைய தாயைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போவேன். ஓவர்ரைம் செய்து ஆறாம் மாதம் கொடுத்து முடித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கினான். அதற்குப் பிறகு எங்கட நிகழ்ச்சி ஒன்றிலும் அவன் வாசிக்கவில்லை.

றிக்காட்டின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது இலட்சக் கணக்கான டொலர் இல்லை. 36 வயதில், ஒருவரும் அறியாத ஊரில், முதலில் காசைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் பிறகு ஆளைக் கூப்பிட்டாரே, அதுதான். நான் செய்தது தலைகீழ். முதலில் ஆளைக் கூப்பிட்டேன். காசு வாசலில் வரும் என்று நம்பினேன். கான்ஸுக்கு நடந்ததையும் நான் மறக்கவில்லை. கண்ணாடிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அது யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும்.

வருகிற கோடையில் எங்கட சங்கத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியை நடத்தும்படி நிர்வாகசபை என்னைக் கேட்டிருக்கிறது. பட்டது போதாதா என்று மனைவி கேட்டா. இரண்டு கிழமை யோசித்து ஓம் என்று சொல்லிவிட்டேன். பரிசுப் பணமும் மைதானக் கூலியும் நடுவர்களின் சம்பளமும் முழுவதும் பொருளாளரிடம் இப்போதே கட்டியாயிற்று. யாருக்கு எவ்வளவு என்ற விபரம் சங்க அறிவித்தல் பலகையில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு உங்கள் அணியின் நுழைவுக் கட்டணத்தைக் கட்டினால் போதும்.

பரிசளிப்பு அன்று மாலை சின்ன இசை நிகழ்ச்சியும் உண்டு. கீபோட் வாசிக்க அந்தப் பொடியனைத்தான் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அவனுக்குரிய காசும் பொருளாளரிடம் இருக்கிறது.